வலி முட்டியில், கோளாறு ‘சீட்’டில்!

திருவான்மியூர் டீக்கடையில் சைக்கிள்காரர்களின் ருசிகரப் பேச்சு

சென்னை,

சைக்கிள் மிதித்தால் முட்டி வலிக்கிறதா? இடுப்பு பிடிக்கிறதா? கைவிரல் மரத்துப் போகிறதா? வயதாகி விட்டது என்று எண்ணி வண்டியை ஓரங்கட்ட வேண்டாம். முதலில் ‘சீட்’டைப் பாருங்கள்!

இப்படிச் சொல்கிறவர் டாக்டர் அல்ல. திருவான்மியூரில் பிளாட்பாரம் ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கும் 66 வயது மெக்கானிக். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிறு வயதில் வாடகை சைக்கிள் கடையில் கையாளாகச் சேர்ந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை கையில் ஸ்பானர்தான்.

அவர் கடையை ஒட்டி ஒரு டீக்கடை. விடியற்காலை 5 மணிக்கெல்லாம் பாய்லர் சூடாகி விடும். அந்த நேரத்தில் அங்கே கூடுகிற சைக்கிள்காரர்கள் இரண்டு ரகம்.

ஒரு ரகம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை மிதித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். தலையில் ஹெல்மெட். உடம்போடு ஒட்டிய சட்டை. லட்ச ரூபாய் வண்டி.

இன்னொரு ரகம், வயிற்றுப்பாட்டுக்காக மிதிக்கிறவர்கள். பேப்பர் போடும் பையன், வீடுகளில் சமையல் வேலைக்குப் போகும் அம்மாள், ராத்திரி ‘டியூட்டி’ முடிந்து வீடு திரும்பும் காவலாளி.

வண்டி வேறு, வலி ஒன்று. அதனால் பேச்சும் ஒன்றாகி விடுகிறது!

எடைக்குப் போட நினைத்தார்

காவலாளிக்கு வயது 58. ஆறடி உயரம். திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரவுக் காவல். முன்பு பக்கத்திலேயே குடியிருந்தார். பத்து நிமிடத்தில் வேலைக்கு வந்து விடுவார். போன வருடம் பெரும்பாக்கத்துக்கு வீடு மாறினார். இப்போது ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் முட்டி வலி வந்து விட்டது. வலி, முட்டிச் சில்லின் முன்பக்கம். படி ஏற முடியவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. தைலம் தேய்த்தார். மாத்திரை போட்டார். கேட்கவில்லை.

“பேசாம வண்டிய காயலான் கடையில எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன் பாய். வயசாச்சு. இனிமே பஸ்சுதான்” என்று ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

பஸ் என்றால் சும்மாவா? சாதாரணக் கட்டண பஸ்களில் 2021-ம் ஆண்டு முதல் பெண்களுக்கு ‘டிக்கெட்’ கிடையாது. அவருடைய மனைவி அதில்தான் வேலைக்குப் போய் வருகிறார். காவலாளிக்கு அந்தச் சலுகை இல்லை. தினமும் போக ஒரு ‘டிக்கெட்’, வர ஒரு ‘டிக்கெட்’. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பேத்தியின் டியூஷன் பணம் அதிலேயே போய்விடும்.

“டியூஷன நிறுத்தறதா, வண்டிய நிறுத்தறதான்னு ராத்திரி பூரா கேட்டாண்ட ஒக்காந்து யோசிக்கிறேன்” என்றார்.

பாய் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“அண்ணே, கொஞ்சம் வண்டில ஏறி உக்காருங்க” என்றார்.

ஹேண்டில்பாரை பாய் பிடித்துக்கொள்ள, காவலாளி ஏறி உட்கார்ந்தார். கீழே இருக்கும் ‘பெடல்’ மீது குதிகாலை வைக்கச் சொன்னார் பாய். கால் நீளவில்லை. முட்டி மடங்கியே நின்றது.

“இதான் வியாதி. உங்க முட்டி நல்லாத்தான் இருக்கு. சீட்டுதான் உக்காந்துகிச்சு” என்றார் பாய்.

பழைய சொந்தக்காரர் அளவு

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. வண்டி பழையதாக வாங்கியது. முதலில் வைத்திருந்தவர் குள்ளமான ஆள். தன் காலுக்கு எட்டும்படி ‘சீட்’ குழாயை அடிமட்டம் வரை இறக்கி வைத்திருந்தார். அதே அளவில் ஆறடி மனிதர் ஒன்பது வருடமாக மிதித்து வந்திருக்கிறார்!

பத்து நிமிடப் பயணத்தில் அது தெரியவில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் முட்டி காட்டிக் கொடுத்து விட்டது.

‘சீட்’ தாழ்ந்தால் முட்டி ஏன் வலிக்கிறது? பாய் சொன்ன விளக்கம் இது:-

“நின்னுகிட்டு மூட்டை தூக்கினா காலுக்கு பலம் இருக்கும். குந்திகிட்டு மூட்டை தூக்கிப் பாருங்க. அத்தனை பாரமும் முட்டிச் சில்லு மேலதான் வரும். சீட்டு கீழ இருந்தா, ஒவ்வொரு மிதிக்கும் நீங்க குந்திகிட்டுத்தான் தூக்கறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மிதி? கணக்குப் போட்டுக்குங்க!”

அதற்காக ‘சீட்’டை ஒரேயடியாக ஏற்றினாலும் வம்புதான். கீழ்ப் பெடலை எட்டுவதற்காக இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். முட்டியின் பின்பக்கம் நரம்பு இழுக்கும். உட்காரும் இடம் புண்ணாகும்.

வலி முன்பக்கம் என்றால் பெரும்பாலும் ‘சீட்’ தாழ்வு. பின்பக்கம் என்றால் பெரும்பாலும் உயரம். இது பஞ்சர் கடைக்கும் தெரியும். பெரிய ஊர்களில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சைக்கிளை உடம்புக்குப் பொருத்தித் தரும் நிபுணர்களுக்கும் தெரியும்.

வங்கி அதிகாரியின் கணக்கு

அப்போது குறுக்கிட்டார், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர். அறுபது வயதுக்கு மேல் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு ‘டேப்’ இருக்கும்.

“பாய், இதுக்கு ஒரு ‘பார்முலா’ இருக்கு. காலோட உள்பக்க நீளத்தை, கவட்டிலேர்ந்து தரை வரைக்கும் அளக்கணும். அதை 0.883-ஆல பெருக்கணும். பெடல் சுத்துற அச்சோட மையத்திலேர்ந்து சீட் மேல்பரப்பு வரைக்கும் அந்த அளவு இருக்கணும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூணு தடவை ஜெயிச்ச அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பேரால அந்தக் கணக்கைச் சொல்லுவாங்க” என்றார்.

காவலாளியைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தார். உள்பக்க நீளம் 86 சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 76. வண்டியில் இருந்ததோ 66 சென்டிமீட்டர்!

குதிகால் கணக்குப்படி பாய் சொன்னது 72.

“நாலு சென்டிமீட்டர் குறையுதே பாய்?” என்று வங்கி அதிகாரி விடவில்லை.

“சார், உங்க கணக்கு ரேஸ்காரனுக்கு. அவன் ‘ஷூ’வை பெடல்லயே மாட்டிக்கிறான். நிக்காமப் போறான். அண்ணன் ஹவாய் செருப்பு. வேளச்சேரி சிக்னல்ல நாலு தடவை நிக்கணும். பின்னால கேரியர்ல சாப்பாட்டுப் பை. ஆளுக்கு ஏத்த அளவு மட்டும் போதாது சார். பொழப்புக்கும் ஏத்த அளவு வேணும்” என்றார் பாய்.

வங்கி அதிகாரி ‘டேப்’பை சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். “அதுவும் சரிதான்!” என்றார்.

மண்ணெண்ணெயும் ஒரு தட்டும்

‘சீட்’ லேசில் அசையவில்லை. ஒன்பது வருடத் துரு. பாய் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார். இரண்டு டீ நேரம் கழித்துச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ‘கிரீச்’ என்ற சத்தத்துடன் குழாய் திரும்பியது.

அன்றைக்கு ஏற்றியது ஒரு விரற்கடை மட்டும்தான். ஒரே நாளில் ஆறு சென்டிமீட்டர் ஏற்றினால் உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்பது பாய் கட்சி. வாரத்துக்கு ஒரு விரற்கடை. மூன்று வாரத்தில் முழு அளவு.

முதல் வாரம் காவலாளி முணுமுணுத்தார். “மரத்து மேல உக்காந்த மாதிரி இருக்கு பாய். சிக்னல்ல கால் எட்டல” என்றார்.

“சீட்டுல உக்காந்துகிட்டே காலை ஊனணும்னு யாரு சொன்னது? பிரேக்கைப் பிடிங்க. சீட்டை விட்டு முன்னால எறங்குங்க. வண்டிய லேசா சாய்ச்சி ஒத்தக் காலை ஊனுங்க” என்று பாய் தெருவிலேயே ஓட்டிக் காட்டினார்.

விரல் மரத்துப் போச்சு

லட்ச ரூபாய் வண்டிக்காரர்களுக்கும் தொல்லை உண்டு.

தரமணியில் ‘கம்ப்யூட்டர்’ வேலை பார்க்கும் 29 வயது வாலிபர் ஒருவர், ‘கார்பன்’ சைக்கிளில் வருகிறார். வண்டியை ஒரே விரலால் தூக்கி விடலாம் போல இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டினால் அவருக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன.

“ஆபீசுல ‘கீ-போர்டு’ தட்டும்போது கூட விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. மெத்தை வச்ச ‘கிளவுஸ்’ வாங்கினேன். பிரயோஜனம் இல்லை” என்றார்.

உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. ஹேண்டில்பாரில் அந்த இடம் அழுந்தினால் இந்த இரண்டு விரல்களும்தான் மரக்கும். உடம்பின் பாரம் கையில் ஏன் விழுகிறது? அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாய் எட்ட நின்று வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தார். ‘சீட்’டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது.

“சறுக்கு மரத்துல உக்காந்திருக்கீங்க தம்பி. முன்னால சறுக்கறீங்க. சறுக்காம இருக்க கையால தள்ளிக்கிட்டே இருக்கீங்க. கை என்ன பண்ணும், பாவம்!”

தண்ணீர் மட்டம் போல ‘சீட்’டைச் சமமாக்கினார். முழங்கையை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி ஓட்டவும், பிடியை அடிக்கடி மாற்றவும் சொன்னார். டயரில் கல் மாதிரிக் காற்று அடிப்பதையும் நிறுத்தச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலிபர் வந்தார். முட்டுக்காடு போய்த் திரும்பியும் விரல் மரக்கவில்லையாம். “மூவாயிரம் ரூபாய் ‘கிளவுஸ்’ செய்யாததை ஒரு திருகாணி செஞ்சுடுச்சு” என்று சிரித்தார்.

ஆள் வளர்ந்தான், ‘சீட்’ வளரவில்லை

பேப்பர் போடும் பையன் இப்போது கல்லூரி முதல் வருடம். ஓட்டுவது, பிளஸ்-1 படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-ம் ஆண்டு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் அது. பிறகு மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது.

“வண்டி குடுத்தப்போ இவன் என் தோள் உயரம். இப்ப நான் இவன் தோள் உயரம். சீட்டு மட்டும் அப்படியே இருக்கு!” என்று பாய் கேலி செய்தார்.

பையன் முதுகில் ஒரு குத்து வலி இருந்ததாம். படிக்கிற மேஜைதான் காரணம் என்று நினைத்திருக்கிறான். கூன் போட்டு மிதிப்பது அவனுக்கே தெரியவில்லை. அவனுக்கும் இரண்டு விரற்கடை ஏற்றம் கிடைத்தது. கூலி? மறுநாள் காலை ஒரு பேப்பர்!

“என்னுதுல கை வைக்காதீங்க”

சமையல் வேலைக்குப் போகும் அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். சைக்கிள் கற்றது அறிவொளி இயக்கத்தில்.

1991, 1992-ம் ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள்.

“அம்புட்டு பேருக்கும் லேடீஸ் சைக்கிளுக்கு எங்க போறது? ஆம்பள சைக்கிள்தான். பாரைத் தாண்டி ஏறக் கத்துக்கிட்டோம். அப்புறம் பார் இருக்கறதே வசதியாப் போச்சு. புள்ளைய அதுல உக்கார வச்சுக்கலாம்ல!” என்று அவர் சொன்னபோது டீக்கடையே ஆச்சரியப்பட்டது.

இப்போது அவர் ஓட்டுவது ‘லேடீஸ்’ சைக்கிள். ‘சீட்’ தாழ்வாகத்தான் இருக்கிறது. ஏற்றட்டுமா என்று பாய் ஸ்பானரை எடுத்தார்.

“என்னுதுல கை வைக்காதீங்க அண்ணே! காய்கறிப் பையோட நாலு தெருவுக்கு நாப்பது தடவை ஏறி இறங்குறேன். ரெண்டு காலும் தரையில பாவணும். எனக்கு ஒரு வலியும் இல்ல” என்று அவர் மறித்தார்.

பாய் ஸ்பானரைக் கீழே போட்டு விட்டார். “அக்கா சொல்றது நியாயம். அவங்க ஓட்டுறதே அஞ்சு அஞ்சு நிமிஷம். அவங்களுக்கு அதான் அளவு” என்றார்.

இரண்டே அளவு

அளவுப் பேச்சு வந்ததும் வங்கி அதிகாரிக்குப் பழைய நாள் ஞாபகம் வந்து விட்டது.

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கியது 1949-ம் ஆண்டு. லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் தொடங்கியது 1956-ம் ஆண்டு. நாடு முழுவதும் ஓடிய கறுப்பு ‘பார்’ சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டே ‘பிரேம்’ அளவுதான். கடையில் எது இருக்கிறதோ அதை ஓட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

“ஆளுக்கு ஏத்த வண்டிங்கற பேச்சே கிடையாது. வண்டிக்கு ஏத்த மாதிரி ஆள் வளரணும்! வளர்ற வரைக்கும் பாருக்குக் கீழ காலை விட்டு குரங்கு பெடல்!” என்றார் அவர்.

குரங்கு பெடல் என்றதும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்தப் பெயரில் 2024-ம் ஆண்டு ஒரு தமிழ்ப் படமே வந்து விட்டது. பேப்பர் பையனுக்குப் படம்தான் தெரியும். மற்றவர்களுக்கு முழங்கால் தழும்பு தெரியும்!

ஆரம்பத்தில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் முன் சக்கரம் ஆள் உயரமும் பின் சக்கரம் குட்டியாகவும் சைக்கிள் ஓடிய காலத்தில், காலின் நீளத்தைப் பார்த்துத்தான் சக்கரத்தின் அளவையே முடிவு செய்தார்கள். கால் நீண்டவனுக்குப் பெரிய சக்கரம். 1885-ம் ஆண்டு ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிச் செயின் மாட்டிய ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டு வந்தார். அதன் பிறகு அளவு பார்க்கும் வேலை ‘சீட்’ குழாயிடம் வந்து சேர்ந்தது.

சக்கரவர்த்திக்கும் இதே தொல்லை

உலக சாம்பியன்களுக்கே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது என்றார் ‘கார்பன்’ வாலிபர்.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்தவர், பெல்ஜியம் நாட்டு எடி மெர்க்ஸ். 1969-ம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் பிளுவா நகரில் நடந்த பந்தயத்தில் அவருக்குப் பயங்கர விபத்து. அதற்குப் பிறகு முதுகு வலி விடவே இல்லை. எந்த உயரத்தில் உட்கார்ந்தாலும் நிம்மதி இல்லை. பந்தயத்துக்கு நடுவிலேயே ‘சீட்’டை ஏற்றுவார், இறக்குவார். அந்த வலியோடுதான் 1972-ம் ஆண்டு மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார்!

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி இன்னொரு விதம். தன் உடம்பு எப்படி மடங்கினால் காற்று தடுக்காதோ, அப்படி மடங்குவதற்கென்றே சொந்தமாக ஒரு சைக்கிள் செய்துகொண்டார். அதில் துணி துவைக்கும் மிஷினில் இருந்து எடுத்த ‘பேரிங்’கும் உண்டு. 1993-ம் ஆண்டு ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையை முறியடித்தார். மறு வருடமே அந்த உட்காரும் முறைக்குத் தடை போட்டு விட்டார்கள்.

“துணி தொவைக்கிற மிஷின் பேரிங்கா! பலே! அவன் நம்ம ஆளு!” என்று பாய் தொடையைத் தட்டினார்.

நாயும் கார் கதவும்

அளவு சரியானால் மட்டும் போதாது. ரோட்டில் படும் பாடு தனிக் கதை. தெரு நாய் துரத்தினால் காலைத் தூக்காமல், இறங்கி வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் நாய்க்குச் சுவாரசியம் போய்விடும் என்பது பேப்பர் பையனின் அனுபவம். நிற்கும் காரை ஒட்டிப் போகக் கூடாது. எப்போது கதவு திறக்கும் என்று தெரியாது என்பது சமையல்கார அம்மாளின் எச்சரிக்கை. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் வரவே கூடாது என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. காவலாளிக்கு அப்படி ஒரு விளக்கைக் ‘கார்பன்’ வாலிபரே மாட்டி விட்டார்.

இப்போது எப்படி?

‘சீட்’ முழு அளவுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. காவலாளியின் முட்டி வலி அடியோடு போய்விடவில்லை. மாடிப்படி ஏறும்போது இன்னும் லேசாகக் குத்துகிறது. ஆனால் சைக்கிளில் வலி இல்லை. ஒரு மணி நேரப் பயணம் ஐம்பது நிமிடமாகக் குறைந்திருக்கிறது.

வண்டி எடைக்குப் போகவில்லை. பேத்தியின் டியூஷன் நிற்கவில்லை.

“ஒம்போது வருஷமா வேற ஒருத்தன் கால் அளவுல மிதிச்சிட்டு, என் காலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்” என்கிறார் அவர்.

நீங்களே பார்க்கலாம்

பாய் சொல்லும் யோசனைகள் வருமாறு:-

* ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ‘சீட்’டில் நேராக உட்காருங்கள். ‘பெடல்’ அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்கள். அப்போது முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதுதான் அளவு.

* குதிகால் எட்டாமல் இடுப்பு சாய்ந்தால் ‘சீட்’ உயரம். இறக்குங்கள்.

* ‘சீட்’ சமமாக இருக்கட்டும். மூக்கு கீழே சாய்ந்தால் கையும், மேலே தூக்கினால் உட்காரும் இடமும் வலிக்கும்.

* ஏற்றுவதும் இறக்குவதும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த மாற்றம்.

* ‘சீட்’ குழாயில் கோடு போட்டிருந்தால் அதற்கு மேல் இழுக்கக் கூடாது. கோடு இல்லாத பழைய வண்டியில் குறைந்தது இரண்டரை அங்குலக் குழாயாவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறிந்து விடும்.

* இத்தனையும் செய்த பிறகும் முட்டி வீங்கினாலோ, விரல் மரத்தது மரத்தபடியே இருந்தாலோ பஞ்சர் கடைக்கு வரவேண்டாம். டாக்டரிடம் போங்கள்!